அண்ணன்மடம் எப்ப வரும்?

மண்டபம் மருமகள்:
போன மாதம் ராமேஸ்வரம் பஸ். பாம்பன் தாண்டியதும் கண்டக்டர் "அக்காமடம் எல்லாம் எழுந்திரிங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் "தங்கச்சிமடம்". மடியில் இருந்த என் நாலு வயது மகன், "அண்ணன்மடம் எப்ப வரும்மா?" என்றான். அப்படி ஊரே கிடையாதுடா என்றேன். "தம்பிமடம்?" அதுவும் இல்லை. அவ்வளவுதான், ஓவென்று அழுகை. அக்காவுக்கு மட்டும் ஊர் இருக்கிறதாம், அவனை எங்கேயும் இறக்க மாட்டார்களாம்! பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர்தான் வந்து, "ராமர் அண்ணன், அவருக்கு ராமேஸ்வரம். நீ தம்பிதானய்யா? உனக்கு லட்சுமண தீர்த்தம் இருக்கே" என்றார். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டிக்கெட் எடுத்தாச்சா?" என்றான். பெற்ற எனக்கு அந்தப் பதில் ஏன் தோன்றவில்லை என்று இன்னும் உறுத்துகிறது.

உச்சிப்புளிக்காரன்:
எங்கள் ஊருக்கு வந்த அக்கா மகள், "புளி உச்சியில இருந்தா யாரு மாமா உலுக்குவா?" என்றாள். பேச்சை மாற்ற, எங்கள் உச்சிப்புளியில் இருக்கும் கடற்படை விமானத்தளத்தின் பெயர் ஐ.என்.எஸ். பருந்து என்று சொல்லித் தொலைத்தேன். "பருந்து புளி தின்னுமா?"

சேது வாத்தியார்:
மண்டபம் சகோதரி, கண்டக்டர் சமாளித்தது சரி, பிள்ளைக்கு விஷயத்தையும் சொல்லியிருக்கலாம். மடம் என்றால் யாத்திரைக்காரர்கள் தங்கிப் போகிற இடம். 1914-இல் ரயில் பாலம் வருமுன் படகில்தான் பாம்பனுக்குக் கடந்தார்கள், அப்புறம் கோயில்வரை நடை. களைத்தவன் உட்கார மடமும் சத்திரமும் வேண்டாமா? தனுஷ்கோடி வழியில் முகுந்தராயர் சத்திரம் என்ற பெயர் இன்றும் இருக்கிறதே. பிள்ளையை ஜன்னலோரம் உட்கார வையுங்கள், ஊர்ப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்...

உச்சிப்புளிக்காரன்:
சார், அவனுக்கு நாலு வயசு.

கரையூர் தாத்தா:
தனுஷ்கோடியில் பேரன், "எத்தனை கோடி தாத்தா?" என்றான். அது பணக்கோடி இல்லையப்பா, தெருக்கோடி என்கிறோமே, அந்தக் கோடி; வில்லின் முனை என்றேன். இடிந்த சர்ச் சுவரைச் சுற்றி நாலாபக்கமும் பார்த்தான். மணல்.
"தெரு எங்க தாத்தா?"
1964 டிசம்பர் புயலில் போன தெருவுக்கு எந்தப் பக்கம் கையைக் காட்டுவது? கடல் பக்கம் காட்டினேன்.