வீடு காலி செய்த நாளில் உங்களுக்கு என்ன நடந்தது?

மடிப்பாக்கம் மாடிவீடு:
மேல் போர்ஷன் ஆட்கள் காலி செய்தார்கள். சுவர், குழாய், கீசர் எல்லாம் பார்த்தாயிற்று. அட்வான்ஸைக் கையில் கொடுத்தேன். அந்த அம்மா எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணிவிட்டு, "நூறு ரூபாய் குறையுதே சார்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஈபி ரீடிங் எடுக்க வந்தார்கள். நல்ல கோடை, எல்லா அறையிலும் ஏசி. 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறி யூனிட் விலையே ஏறிவிடும், சொல்ல வேண்டியதில்லை. இணைப்பு என் பெயரில். போன் போட்டால், "நாங்கதான் காலி பண்ணிட்டோமே சார்" என்கிறார். பில் தொகைகூடப் பரவாயில்லை. அந்த நூறு ரூபாய்தான் இன்னும் உறுத்துகிறது.

கோவைக்காரன்:
ஈபி பில்லுக்கே இப்படியா? சாவி வாங்கும்போது மீட்டரை ஒரு போட்டோ எடுத்து, கணக்குப் பார்த்துக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தால் முடிந்தது. என் கதையைக் கேளுங்கள். சிங்காநல்லூரில் ஒரு வீடு. வாடகை பாக்கி ஏறி ஏறி அட்வான்ஸையே தின்றுவிட்டது. காலி செய்யச் சொன்னால் "அடுத்த மாசம்ண்ணா". ஒரு நாள் மோட்டாரை நிறுத்திவிட்டேன். சாயங்காலம் அவருடைய மாமியார் காலிக் குடத்தோடு வந்து என் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவே பார்க்கிறது. கடைசியில் என் வீட்டம்மாவே உள்ளே போய் இரண்டு குடம் பிடித்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் எங்கே மோட்டாரை நிறுத்துவது? ஆனாலும் நான் செய்தது நியாயம்தான்.

ஓய்வுபெற்ற குமாஸ்தா:
கோவைத் தம்பி, நியாயமோ என்னமோ, சட்டம் இல்லை. வாடகை வரவில்லை என்றாலும் தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்தக் கூடாது. அந்த அம்மா வாசலுக்கு வராமல், வாடகை விவகாரத்துக்கென்று அரசு வைத்திருக்கிற வாடகை அதிகாரியிடம் போயிருந்தால் நீங்கள்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1960 வாடகைச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்திருக்க வேண்டும். பதினொரு மாதத்துக்கு இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிப் பீரோவில் வைத்துக்கொள்கிற பழக்கம் இனி உதவாது. பதியாத தாளைச் சாட்சியமாகவே எடுக்க மாட்டார்கள். என் தம்பியின் நங்கநல்லூர் வீட்டு விஷயத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன்: வக்கீல் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தார், அவ்வளவுதான். பதிந்திருந்தால், இரண்டு மாத வாடகை பாக்கி என்பதே காலி செய்யக் கேட்கப் போதுமான காரணம். முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். காலம் முடிந்தும் போகாமல் இருந்தால் இரட்டை வாடகை கேட்கவும் வழி இருக்கிறது. வீட்டைப் பார்க்கப் போவதென்றாலும் 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வாடகையை ரொக்கமாக வாங்காதீர்கள், வங்கியிலேயே வரட்டும். அட்வான்ஸ் விஷயத்துக்கும் வருகிறேன். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதவில்லை என்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. சென்னையில் இன்னும் பத்து மாதம் கேட்கிறவர்கள் உண்டு. காலி செய்து ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தந்துவிட வேண்டும். மடிப்பாக்கம் சார் அன்றைக்கே முழுப் பணத்தையும் கொடுத்திருக்க வேண்டியதே இல்லை.

வாடகை வீட்டுப் பெண்:
நான் எதிர்க்கட்சி, மன்னிக்கவும். பாக்கியைக் கழிப்பது பற்றிப் பேசுகிறீர்களே, எங்களிடம் பெயின்ட்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார் ஓனர். "இதுதாம்மா வழக்கம்." எவ்வளவு வாக்குவாதம் செய்தும் பயனில்லை. அப்புறம் அதே வீடு வாடகைக்கு என்று இணையத்தில் வந்தது. ஹால் போட்டோவில், ஜன்னலுக்குப் பக்கத்தில், பையன் வளர வளர நான் போட்டு வைத்த பென்சில் கோடுகள் அப்படியே இருக்கின்றன. "புதிதாக பெயின்ட் அடித்தது" என்று கீழே எழுதியிருந்தார்.

மடிப்பாக்கம் மாடிவீடு:
அம்மா, பெயின்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. குடியிருந்தால் சுவர் பழசாகத்தான் செய்யும். ஆணி அடித்த ஓட்டைக்குக் கேட்கலாம், மங்கினதற்கெல்லாம் கேட்க முடியாது.

கோவைக்காரன்:
குமாஸ்தா ஐயா, எல்லாம் சரி. பதிவுக்கு வரச் சொன்னால் நல்ல டெனன்ட்டே வேறு வீடு பார்க்கப் போய்விடுகிறார்களே, அதற்கு என்ன செய்வது?