டைஹெட்ரல் டிரெய்னர் விங்கில் அய்லரான் வைக்கலாமா?

கேள்வி

ரேடியோவில் ஓட்டும் டிரெய்னர் (ஓட்டப் பழகும்) மாடல் விமானம். ஸ்பான் (நுனிக்கு நுனி நீளம்) 1.5 மீட்டர், கார்டு (முன்பின் அகலம்) 230 மிமீ, அடி தட்டையான பால்சா (இலேசான மரம்) விங். ரிப் (விங்கின் குறுக்குத் தகடு) 2.4 மிமீ, மேலும் கீழும் 6 மிமீ சதுர ஸ்பார் (நீளவாக்கில் ஓடும் கட்டை). ரட்டரால் (வால் சுக்கான்) திருப்பும் பிளான் என்பதால் பக்கத்துக்கு 6 டிகிரி டைஹெட்ரல் (நுனி மேலேறும் கோணம்). நடுவில் இன்னும் ஒட்டவில்லை, ஃபிலிமும் (மேலுறை) போடவில்லை. அய்லரான் (விமானத்தைச் சாய்க்க அசையும் பின்னோரப் பட்டை) சேர்க்க வேண்டும். நுனியைப் பிடித்துத் திருகினால் விங் முறுகுகிறது. ஷியர் வெப் (இரு ஸ்பாருக்கும் நடுவே ஒட்டும் தகடு) போட்டால் முறுக்கு நிற்குமா?

ரிப்வெட்டி

நிற்காது. வெப்பின் வேலை வேறு: விங் வளையும்போது இரண்டு ஸ்பாரும் நெருங்கி நொடியாமல் பிடிப்பது. அதையும் போடுங்கள்: 1.5 மிமீ பால்சா, நார் நின்ற வாக்கில். கிடையாக வைத்தால் நாரோடு பிளந்துவிடும்.

முறுக்கை நிறுத்துவது டி-பாக்ஸ். லீடிங் எட்ஜிலிருந்து (முன்னோரம்) ஸ்பார் வரை மேலும் கீழும் 1.5 மிமீ ஷீட். ரிப்பின் அந்தப் பகுதியை முதலில் அதே அளவு தேய்த்து இறக்குங்கள், இல்லாவிட்டால் மூக்கு 3 மிமீ தடித்துவிடும். இரண்டாவது ஷீட் ஒட்டும்போது விங் எப்படி முறுகியிருக்கிறதோ அப்படியே பூட்டிக்கொள்ளும். அதனால் சமப் பலகையில் பாரம் வைத்து, நுனியில் டிரெய்லிங் எட்ஜுக்கு (பின்னோரம்) அடியில் 8 மிமீ கட்டை கொடுங்கள். 2 டிகிரி வாஷ்அவுட் (நுனியில் முன்னோரம் தாழ்ந்த முறுக்கு) வரும். இரு பக்கமும் அதே கட்டை. இங்கே சிஏ (நொடியில் ஒட்டும் பசை) வேண்டாம், சரிசெய்ய நேரம் தராது. வெள்ளைப் பசை போதும்.

மூணுசேனல்

6 டிகிரியோடு அய்லரான் வைத்தாலும் பறக்கும், ஆனால் சாய்த்த விங் தானே நிமிரப் பார்க்கும், நீங்கள் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2 டிகிரியாகக் குறையுங்கள். ஒரு பாதியை மேசையில் கிடத்தினால் மறு நுனி 52 மிமீ உயர வேண்டும். பிளானில் உள்ள பிளைவுட் பிரேஸ் (இரு பாதியையும் இணைக்கும் தகடு) 6 டிகிரிக்கு வெட்டியது, புதிதாக வெட்டுங்கள். ரூட் ரிப்பையும் (நடு மூட்டில் வருவது) புதுக் கோணத்துக்குத் தேய்க்க வேண்டும். இடைவெளியை எபாக்ஸியால் நிரப்பினால் அது மூட்டு ஆகாது.

ரிப்வெட்டி

அய்லரானுக்கு டிரெய்லிங் எட்ஜில் 30 மிமீ வெட்டியெடுத்து, ரிப் முனைகளில் 6 மிமீ பால்சா ஒட்டி மூடுங்கள். அய்லரான் பட்டை கொஞ்சம் கெட்டியான பால்சாவாக இருக்கட்டும். மென்மையான கட்டை முறுகும், வெளிமுனை சர்வோ (அதை அசைக்கும் சிறு மோட்டார்) சொல்வதைக் கேட்காது. பக்கத்துக்கு ஒரு 9 கிராம் சர்வோ, பட்டையின் நடுவில் ஹார்ன் (சர்வோவின் கம்பி மாட்டும் கொம்பு). ஒயருக்கான காகிதக் குழாயை ஃபிலிமுக்கு முன்பே ரிப்களில் செருகிவிடுங்கள்.

ஒய்-லீட் (இரு சர்வோவையும் ஒரே சேனலில் சேர்க்கும் ஒயர்) வேண்டாம், தனித்தனிச் சேனல். அய்லரான் அசைவு மேலே 10 மிமீ, கீழே 5 மிமீ. தட்டை அடி விங்கில் இரண்டும் சமமாக இருந்தால், வலப்பக்கம் சாய்க்கும்போது விமானத்தின் மூக்கு இடப்பக்கம் போகும்.

மூணுசேனல்

கீல் இடைவெளியை அடியில் தெளிவான டேப்பால் மூடுங்கள். ஹார்னில் புஷ்ராடு (சர்வோவின் கம்பி) மாட்டும் ஓட்டையில் ஆட்டம் இருந்தால் ஹார்னையே மாற்றிவிடுங்கள், டைவில் ஃபிளட்டர் (அய்லரான் படபடவென்று அதிர்வது) அங்கிருந்துதான் தொடங்கும்.