கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்த மாமா

அவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். ரத்த உறவு கிடையாது. அப்பாவோடு வேலை பார்த்தவர், நான் பிறக்கும் முன்பே எங்கள் குடும்பத்தில் ஒருவராகிவிட்டவர். அப்பா இறந்த பிறகும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. சமீபத்தில் ஒரு மாலை முழுவதும் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். என்னைப் போல் தவிக்கும் பெற்றோர் யாருக்காவது உதவும் என்றுதான் அதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் வாய் ஓயாது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் ஒரு சொல் வராது. பெயரைக் கேட்டால்கூட உடம்பு விறைத்துப் போய் நிற்பாள். பிடிவாதம் என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்றார்கள். கடைசியில் ஒரு குழந்தை மனநல நிபுணர்தான் இது செலக்டிவ் மியூட்டிசம், அதாவது சில இடங்களில் மட்டும் பேச்சு வராமல் போகும் நிலை என்று புரிய வைத்தார். பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் பல குழந்தைகள் கூச்சத்தில் பேசாமல் இருப்பது சகஜம், அதை மட்டும் வைத்து இந்த முடிவுக்கு வர மாட்டார்கள். அதையும் தாண்டி நீடித்தால்தான் கவனிக்க வேண்டும். மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு இதைப் பதற்றக் கோளாறுகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. அதாவது குழந்தை பேச மறுக்கவில்லை. பயத்தில் பேச்சு வரவில்லை.

இதை மாமாவிடம் சொல்லி அழுதுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "நீயும் இப்படித்தாம்மா இருந்த" என்றார்.

எனக்கு அது தெரியவே தெரியாது. பெரியவர்கள் பலருக்கு முதல் ஞாபகமே ஏறக்குறைய மூன்று, மூன்றரை வயதிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கடுத்த சில வருஷங்களும் துண்டு துண்டாகத்தான் நிற்கும். அந்த வயதில் நாம் எப்படி இருந்தோம் என்பது நம்மைத் தூக்கி வளர்த்தவர்களிடம்தான் இருக்கிறது.

வெளி மனிதர் யார் வந்தாலும் நான் ஊமையாகிவிடுவேனாம். மாமா வரும்போதெல்லாம் தரையில் உட்கார்ந்து படம் வரைவாராம். என்னிடம் எதுவும் கேட்க மாட்டார். "இந்த யானைக்குக் கால் குட்டையாப் போச்சே" என்று தன்பாட்டுக்குப் பேசிக்கொள்வார். ரொம்ப நாள் இப்படியே போயிருக்கிறது. ஒருநாள் நான் மெதுவாக, "வால் இல்ல" என்றேனாம்.

"நான் திரும்பிக்கூடப் பாக்கல. பாத்தா நீ நிறுத்திடுவன்னு தெரியும். வாலைப் போட்டுட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டேன்."

இதைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் நிபுணர் சொல்லிக்கொடுத்ததும் இதேதான்: கேள்விகளைக் குறையுங்கள், குழந்தை செய்வதைப் பற்றி நீங்களாகப் பேசுங்கள், பதிலுக்காகக் காத்திருங்கள், ஒரு சொல் வந்தால் ஆரவாரம் செய்யாதீர்கள். மாமா இதை எங்கும் படித்தவர் இல்லை. குழந்தையைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

அம்மாவிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். காரணம் இருக்கிறது. குடும்பத்தார் சொல்லக் கேட்டால் நடக்காததும் நம் ஞாபகமாகிவிடும் என்று உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995-இல் வெளியான ஆய்வில் காட்டினார். சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க்கதையைக் கேட்டவர்களில் கால்வாசிப் பேர் அதை ஓரளவாவது நம்பினார்கள். அம்மாவுக்கு யானை நினைவில்லை. ஆனால் நான் பேசாமல் இருந்ததும், மாமா தரையில் உட்கார்ந்து வரைந்ததும் நன்றாக நினைவிருக்கிறது.

"எல்லாம் தானா சரியாயிடும்" என்று மட்டும் மாமா சொல்லவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுத்தான் நாங்கள் பல மாதங்களை இழந்தோம். "டாக்டர் சொல்றதை விடாம செய். நாள் பூரா வகுப்பு எடுக்கிற நீ, அன்னைக்கு வால் இல்லன்னு சொன்ன பொண்ணு. அதை மட்டும் நினைச்சுக்க" என்றார். தைரியமாக இரு என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெம்பு தந்தது அந்த ஒரு சம்பவம்தான்.

* * *

உங்கள் மாமாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும், ஒரு வாசகராக எனக்கும் எழுதத் தோன்றியது. என் கதை மறுபக்கம்.

அம்மாவின் தோழி ஒருவர், நாங்கள் பெரியம்மா என்போம். சின்ன வயதில் எனக்குக் கணக்கு வராது என்று எல்லாரும் கைவிட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர். இப்போது அவருக்கு அல்சைமர் என்ற மறதி நோய். ஆரம்பத்தில் போய்ப் பார்க்கும்போதெல்லாம் எல்லாரும் "என்னைத் தெரியுதா, ஞாபகம் இருக்கா" என்றுதான் கேட்போம். அவர் முகம் சுருங்கிவிடும். பதில் தெரியாத பிள்ளையை எழுப்பி நிற்க வைத்தது போல.

அவரைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர்தான் சொன்னார், கேட்காதீர்கள், சொல்லுங்கள் என்று. அப்புறம் நான் போனதும் என் பெயரைச் சொல்லி, "நீங்க எனக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தீங்க பெரியம்மா, தீக்குச்சியை அடுக்கி வச்சு" என்று நானே ஆரம்பிப்பேன். இந்த நோயில் அண்மையில் நடந்தவைதான் முதலில் மறக்கும், பழையவை பலருக்கு இன்னும் கொஞ்ச காலம் தங்கும். சில நாள் ஒன்றும் இருக்காது. ஒருநாள், "நீ தீக்குச்சிய ஒடச்சிப் போடுவ" என்று சிரித்தார். உண்மைதான், உடைப்பேன்.

வயதானவர்கள் பழங்கதை பேசுவதை மூளை தளர்ந்ததற்கு அடையாளம் என்று நினைத்த காலம் ஒன்று உண்டு. ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963-இல், அது வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்ளும் இயல்பான வேலை என்று எழுதினார். உங்கள் மாமா நல்ல நினைவோடு இருக்கும்போதே அவர் உங்களுக்குச் செய்ததை அவரிடம் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

* * *

நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு மாமாவிடம் சொல்லிவிட்டேன். நேரில் பேசினால் தொண்டை அடைக்கும் என்பதால் கடிதமாக எழுதினேன். அனுப்பும் முன் ரொம்பத் தயக்கம். இந்த வயதில் இதென்ன என்று அவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று. குமார், எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டது இதைப் பற்றித்தான். நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள், பெறுகிறவரின் சங்கடத்தை அதிகமாகவும் சந்தோஷத்தைக் குறைவாகவும் மதிப்பிடுகிறார்களாம்.

கடிதம் கிடைத்ததும் மாமா போன் செய்தார். கடிதத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை, இரண்டு முறை படித்ததாக மட்டும் சொன்னார். பிறகு பாப்பாவைப் பற்றி விசாரித்தார். வகுப்பில் பக்கத்துப் பெண்ணின் காதில் மட்டும் ஏதோ கிசுகிசுத்தாள் என்று ஆசிரியர் சொன்னதைச் சொன்னேன்.

"நல்லது. பேசினா போன் பண்ணு. பேசலைன்னாலும் பண்ணு" என்றார்.