அந்தோனியார் தொலைந்த பொருளைத் தேடிக் கொடுப்பவர் மட்டும்தானா?

லயத்துக்காரி, ஹட்டன்:
ஜூன் 13 திருநாளுக்கு எங்கள் தோட்டத்துக் கோயிலில் மகள் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பத்தாம் தரம் படிக்கிறாள். எங்கள் வீட்டில் மாமியின் தோடு விழுந்தாலும், அவருடைய அடையாள அட்டையைக் காணவில்லை என்றாலும் அந்தோனியாரைத்தான் கூப்பிடுவோம். செவ்வாய்க்கிழமைகளில் மாரியம்மனைக் கும்பிடுகிற அக்காமாரும் மெழுகுதிரியோடு வருவார்கள். மீனுக்குப் பிரசங்கம் செய்த கதை எல்லோருக்கும் மனப்பாடம். அதையே மறுபடி சொன்னால் பின்வாங்கில் இருப்பவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். கொழுந்து எடுத்துக் களைத்து வந்து உட்காரும் சனத்துக்குச் சொல்ல அவர் வாழ்க்கையில் வேறு என்ன இருக்கிறது?

உபதேசியார், தலவாக்கலை:
தங்கச்சி, கடனைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். நம் லயங்களில் அது புரியாத ஆளே இல்லை.

1231 தவக்காலத்தில் அந்தோனியார் இத்தாலியின் பதுவை நகரில் நாள்தோறும் பிரசங்கம் செய்தார். கோயிலுக்குள் இடம் போதாமல் வெளியே திறந்தவெளியில் நின்று பேச வேண்டியதாயிற்று. வட்டிக்காரர்களை அவர் விட்டுவைக்கவே இல்லை. அந்தக் காலத்தில் கடனைக் கட்ட முடியாதவனைப் பிடித்துச் சிறையில் போடுவார்கள். உள்ளே இருப்பவன் எப்படி உழைத்துக் கட்டுவான்? அந்த மார்ச் மாதமே நகர ஆட்சி ஒரு சட்டம் போட்டது: கடன்பட்டவனோ அவனுக்காகப் பிணை நின்றவனோ தன் சொத்தை ஒப்படைத்துவிட்டால், அதன் பிறகு அவனைச் சிறையில் அடைக்கக் கூடாது. சகோதரர் அந்தோனி கேட்டுக்கொண்டதால்தான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். கடன் தள்ளுபடி இல்லை, சொத்து போகத்தான் செய்யும். ஆனால் ஆள் வெளியே இருப்பான். பிணை நின்றவனையும் சேர்த்தார்கள் பாருங்கள், கிழமைக் கிழமை கட்டும் குழுக் கடனில் அடுத்த வீட்டுக்காரிக்காகக் கையெழுத்து வைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அதே வருடம் ஜூன் 13 அன்று, பதுவைக்குப் பக்கத்தில் ஆர்செல்லாவில் இறந்துபோனார். வயது 36 அளவில்தான். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1232 மே 30 அன்று திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார்.

ஊவா மலை, பண்டாரவளை:
நான் சைவம். எங்கள் அம்மாவும் செவ்வாய் தவறாமல் போவார், பாண் ஆசீர்வதித்துத் தந்தால் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒன்று கேட்கிறேன், அவர் பிறந்ததும் பதுவைதானா? தொலைந்த பொருள் விஷயம் எங்கிருந்து வந்தது?

பழைய குருமட மாணவன், கண்டி:
பிறந்தது போர்த்துகலின் லிஸ்பனில், 1195 அளவில். ஞானஸ்நானப் பெயர் பெர்னாண்டோ. முதலில் அகுஸ்தினார் சபையில் சேர்ந்து கோயிம்ப்ராவில் படித்தார். 1220இல் மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் சகோதரர்களின் உடல்களை அங்கே கொண்டுவந்தார்கள். அதன் பிறகு அவருக்கு மடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பிரான்சிஸ்கன் ஆகி, அந்தோனி என்று பெயர் மாற்றி, தானும் மொரோக்கோவுக்கே போனார். போன இடத்தில் படுத்த படுக்கை. திரும்பும்போது காற்று கப்பலை சிசிலிக்குத் தள்ளிவிட்டது. இத்தாலிக்காரர்களுக்கு அவர் கிடைத்தது அப்படித்தான்!

தொலைந்த பொருள் கதை இது: அவர் குறிப்பெழுதி வைத்திருந்த திருப்பாடல் புத்தகத்தை மடத்தை விட்டு ஓடிய ஓர் இளைஞன் தூக்கிக்கொண்டு போனானாம். அவர் செபித்ததும் கொண்டுவந்து கொடுத்தானாம்.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். படிப்பு ஆணவத்தை வளர்க்கும் என்று பிரான்சிஸ்கன் சபையைத் தொடங்கிய அசிசி பிரான்சிஸுக்குப் பயம். அப்படிப்பட்டவரே சகோதரர்களுக்கு இறையியல் கற்பிக்க அந்தோனியாருக்கு அனுமதி கொடுத்துக் கடிதம் எழுதினார், செப உணர்வு அணையாமல் இருந்தால் சரி என்று. அந்தோனியாருடைய மறையுரைத் தொகுப்பு இன்றும் இருக்கிறது. 1946இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர், அதாவது பெரிய போதகர், என்று அறிவித்தார். சொரூபத்தில் குழந்தை இயேசுவுக்குக் கீழே ஒரு புத்தகம் இருக்குமே, நாம்தான் அதைக் கவனிப்பதில்லை.

லயத்துக்காரி, ஹட்டன்:
மகளுக்குக் கடன் விஷயம்தான் பிடித்திருக்கிறது. செத்துப்போன கருமியின் இதயம் அவனுடைய பணப்பெட்டிக்குள் கிடந்ததாம் என்று ஒரு கதை வாசித்தாளாம். அதையும் சேர்க்கலாமா?

உபதேசியார், தலவாக்கலை:
தாராளமாக. சிற்பி தொனதெல்லோ அதை வெண்கலத்தில் வடித்தது பதுவைப் பேராலயத்தில் இருக்கிறது. ஆனால் கதை என்று சொல்லியே சொல்லட்டும். அப்புறம், சொல்லும்போது யாரையும் பார்க்க வேண்டாம். கிழமைக் கடன் வசூலிக்க வருகிற தம்பியும் திருநாளுக்கு வந்திருப்பார்.