சூடேறியதும் அணைந்துவிடும் 1970 எம்ஜிபி: எப்படிச் சோதிப்பது?

நானும் என் மனைவியும் மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே பிரித்துச் சேர்த்துவரும் கார் இது: 1970 எம்ஜிபி ரோட்ஸ்டர், 1798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். துருப்பிடித்த தகடுகளை வெட்டி வெல்டிங் செய்தது அவர். இன்ஜின் என் பொறுப்பு. அந்த இன்ஜினில்தான் ஐந்து வாரமாகச் சிக்கி நிற்கிறோம்.

குளிர்ந்த நிலையில் உடனே கிளம்புகிறது. இருபது நிமிடம் ஓடியதும், திணறல் எதுவும் இல்லாமல், யாரோ சாவியைத் திருப்பியதுபோல் சட்டென அணைகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் ஓடுகிறது.

முதலில் பெட்ரோலைத்தான் சந்தேகித்தோம். கார்புரேட்டர் கிண்ணங்கள் நிறைந்தே இருக்கின்றன. டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டியும் மாற்றமில்லை. பிறகு தீப்பொறியை உண்டாக்கும் காயில், கண்டென்சர், பாயிண்ட் மூன்றையும் புதிதாக மாற்றினேன். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம். அப்படியும் அணைந்தது.

நேற்று என் மனைவி கவனித்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே டேக்கோமீட்டர் (இன்ஜின் வேகத்தைக் காட்டும் மானி) முள் பூஜ்யத்துக்கு விழுந்துவிட்டது. காயிலுக்குப் போகும் மின்சாரத்தை வைத்தே அது வேகத்தைக் காட்டுவதால், காயிலின் முதன்மைச் சுற்றில்தான் மின்சாரம் அறுபடுகிறது. ஆனால் அதே இக்னிஷன் சுவிட்சிலிருந்து மின்சாரம் பெறும் பெட்ரோல் பம்ப் அப்போதும் துடித்துக்கொண்டிருந்தது. அதனால் சுவிட்சை ஒதுக்கிவிட்டேன்.

மிஞ்சுவது இரண்டு: டேக்கோமீட்டர் வழியாகக் காயிலுக்கு வரும் வெள்ளை ஒயர், தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறிய எர்த் ஒயர். இன்ஜின் ஆறுவதற்குள், சாலையோரத்திலேயே ஒரு சோதனை விளக்கை வைத்துக்கொண்டு இவற்றில் எது குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?