நாலு நிமிடம் கரண்ட் போனால் அரை நாள் போச்சு

கடைசல்காரன்:
"நாள் முழுக்கச் சேர்த்தாலும் கால் மணி நேரம்தானே கரண்ட் இல்லை, அதற்கா இவ்வளவு புலம்பல்?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். தொழில் வைத்திருக்கும் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள், அதனால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். லேத்தில், அதாவது இரும்பைச் சுழற்றிக் கடைகிற மெஷினில், ஒரு தண்டுக்கு மரை (போல்ட்டில் இருக்கிற மாதிரி திருகுப் பள்ளம்) வெட்டிக்கொண்டிருந்தேன். மரையை ஒரே ஓட்டில் வெட்ட முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் கொடுத்துப் பல ஓட்டு ஓட்ட வேண்டும். கடைசி இரண்டு ஓட்டு பாக்கி இருக்கும்போது கரண்ட் போனது. தண்டைப் பிடித்துச் சுழற்றுகிற சக் மெதுவாகி நின்றது, வெட்டுகிற டிப் இரும்பைக் கடித்தபடியே நின்றுவிட்டது. நாலாவது நிமிடம் கரண்ட் வந்துவிட்டது, ஆனால் டிப்பின் முனை உடைந்து மரைக்குள் மாட்டியிருந்தது, வெளியே எடுத்துப் பார்த்தால் மரையின் குறுக்கே ஒரு கோடு. அவ்வளவுதான், காலையிலிருந்து செய்த வேலை பழைய இரும்புக் குவியலுக்குப் போனது. புதுத் தண்டு அறுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு நாளில் மூன்று தடவை இப்படிப் போனால் என்ன செய்வது? கரண்ட் கொடுப்பவர்கள்தான் இதற்குப் பொறுப்பு, என் தலையில் கட்டக் கூடாது என்பது என் கட்சி.

கணக்கர்:
வருத்தம் புரிகிறது அண்ணா. ஆனால் பாதிதான் ஒத்துக்கொள்வேன். சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. கரண்ட் போகும் என்று தெரிந்த பிறகும் அதற்கான மாற்று ஏற்பாட்டைச் செலவில் சேர்க்காமல் கூலி சொல்பவர்கள் நிறைய பேர். வாடகை மாதிரி, ஆள் சம்பளம் மாதிரி இதுவும் ஒரு செலவு. ஒரே தொழிலில் இருக்கும் இரண்டு பேரில் பேக்கப் வைத்திருப்பவர் சொன்ன தேதிக்குச் சரக்குக் கொடுக்கிறார், இன்னொருவர் காரணம் சொல்கிறார். வாடிக்கையாளர் யாரிடம் போவார்? பொறுப்பு யாருடையது என்று வாதாடலாம், ஆனால் வாதாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆர்டர் கை மாறிவிடும்.

கடைசல்காரன்:
என்ன பேக்கப் என்று சொல்லுங்கள் சார். ஜெனரேட்டரா? அது ஸ்டார்ட் ஆகி லோடு எடுக்கச் சில விநாடியாவது ஆகும், அதற்குள் டிப் போய்விடும். போன கரண்டுக்கு ஈடாக அது மிச்ச நேரத்தை ஓட்டும், போன பீஸைத் திருப்பித் தராது. அப்புறம் மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்குகிற மாதிரி பெரிய செட் வாங்க வேண்டும், வாங்கினால் மற்ற நேரமெல்லாம் அது பாதி வயிற்றோடு ஓடும். டீசல் இன்ஜினைக் குறைந்த லோடில் ஓட்டிக்கொண்டே இருந்தால் எரியாத எண்ணெயும் கரியும் உள்ளே சேரும். சின்ன செட்டில் ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 3 யூனிட் வந்தால் பெரிது. பத்து மெஷின் வைத்திருப்பவர் இந்தச் செலவைப் பத்து மெஷினில் பிரித்துப் போடுவார், இரண்டு மெஷின்காரன் எதில் போடுவான்?

பேட்டரித்தம்பி:
இன்வெர்ட்டர் மாட்டுகிற வேலை செய்கிறேன், வியாபாரம் பேச வரவில்லை. அடிக்கடி கரண்ட் போகிற இடத்தில் பேட்டரி ஏன் சீக்கிரம் சாகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. சாதாரண லெட் ஆசிட் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏற 8, 10 மணி நேரம் வேண்டும். முக்கால் ஏறுவதற்குள் மறுபடி கரண்ட் போனால் அது முழுசாக நிரம்பவே நிரம்பாது, உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகி, பெயருக்குத்தான் பேட்டரி இருக்கும். பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினாலும் ஆயுள் குறையும். லித்தியம் இதில் பரவாயில்லை, ஆழமாக இறக்கினாலும் தாங்கும், ஆனால் முதல் செலவு அதிகம்.

கூரையில் சோலார் போட்டுவிட்டால் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லைனோடு இணைந்து ஓடுகிற சாதாரண சோலார் இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உச்சி வெயில் அடிக்கும்போதும் கடை இருட்டாக இருக்கும். பேட்டரியோடு சேர்த்து ஓடுகிற ஹைபிரிட் வகை வேண்டும், இதை முதலிலேயே சொல்லாமல் விற்றுவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

கணக்கர்:
தம்பி சொன்னது எனக்கும் புதிது, நன்றி. ஆனாலும் எல்லாவற்றையும் பேக்கப்பில் ஓட்டச் சொல்லவில்லையே. பில் போடுகிற கணினி, இன்டர்நெட் ரவுட்டர், கார்டு மெஷின், நாலு விளக்கு, இதற்குச் சின்ன யுபிஎஸ் போதும். கையில் காசோடு வந்தவர் கார்டு மெஷின் ஓடவில்லை என்று திரும்பிப் போவதையாவது தடுக்கலாம்.

மருந்துக்கடை:
நான் ரெண்டு பேரோடும் ஒத்துப்போகவில்லை. கடைசல்காரன் அண்ணனுக்கு நாலு நிமிடம் பெரிது. எனக்கு நாலு நிமிடம் ஒன்றுமே இல்லை, நாலு மணி நேரம்தான் பயம். இன்சுலினும் தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும், ஆனால் கடை என்றால் திறக்காமல் எப்படி? உள்ளே ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டிருக்கிறேன், கரண்ட் போன நேரத்தையும் அப்போது முள் எங்கே நிற்கிறது என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கதவிலேயே ஒட்டிவிடுவேன். முள் 7ஐத் தாண்டியதும் ஐஸ்பேக் போட்ட பெட்டிக்கு மாற்றிவிடுவேன், அதிலும் இன்சுலின் ஐஸை நேராகத் தொடாமல் நடுவில் துணியோ அட்டையோ வைக்க வேண்டும், உறைந்தாலும் அது வீண். கெட்டுப்போன இன்சுலின் பெரும்பாலும் பார்வைக்கு நல்லதாகவேதான் இருக்கும், வாங்கிப் போகிறவருக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் நான் கொட்டிவிடுகிறேன். அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கணக்கர் சார்தான் சொல்ல வேண்டும்.

ஊசிநூல்:
ஏழு பவர் மெஷின், ஏழு பெண்கள், பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. கரண்ட் இல்லாத நேரத்தில் அவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், பீஸ் ஓடாது, கூலியும் வராது. முதலாளிக்கு நஷ்டம் நஷ்டம் என்றே எல்லோரும் பேசுகிறீர்கள், சாயங்காலம் கையில் குறைவாக வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதினீர்களா? நான் பாதியாவது கொடுக்கிறேன், எல்லா மாதமும் முடிவதில்லை.

ஆனால் ஒன்று. எத்தனை மணிக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் என்னால் சமாளிக்க முடிகிறது. அந்த நேரத்துக்குத் துணி வெட்டுவது, பட்டன் கட்டுவது, நூல் பிசிறு எடுப்பது என்று கைவேலையைத் தள்ளிவைப்பேன், அவர்களுக்கும் கூலி நிற்காது. முன்கூட்டிச் சொன்ன இரண்டு மணி நேரத்தைவிட, சொல்லாமல் போகிற பத்து நிமிடம்தான் எங்களைச் சாய்க்கிறது. போனது எப்போது வரும் என்று தெரியாமல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பவும் முடியாது, உட்கார வைக்கவும் முடியாது.

கடைசல்காரன்:
அக்கா சொன்னதுதான் நான் சொல்ல வந்தது, எனக்கு இவ்வளவு தெளிவாக வரவில்லை. நேரம் தெரிந்தால் அந்த நேரத்தில் மரை போட மாட்டேன், டூல் தீட்டுவேன், அளவெடுப்பேன்.

கணக்கர்:
சரி, இதில் நான் இறங்கி வருகிறேன். என் கணக்கில் மணி நேரத்தை மட்டும்தான் கூட்டினேன், எத்தனை முறை என்பதைப் பார்க்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது, நீங்கள் கோபப்படலாம். மின் விநியோகத்தின் நம்பகத்தன்மையை அளக்க ஐஇஇஇ என்கிற மின் பொறியாளர் அமைப்பின் 1366 என்று ஒரு தரநிலை உண்டு, அதில் 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால்தான் நீண்ட தடையாகச் சேரும். ஐரோப்பியத் தரநிலையில் 3 நிமிடம். அதற்குள் வந்துவிட்டால் தற்காலிகத் தடை என்று தனிக் கணக்கு, பெரிதாகப் பேசப்படுகிற சராசரிகளில் அது வருவதில்லை. கிளை உரசி லைன் ஒரு நொடி விழுந்து தானாகத் திரும்ப ஏறுவதெல்லாம் இந்த வகை. ஐஇஇஇ அளவுகோலை வைத்துப் பார்த்தால் உங்கள் நாலு நிமிடம் அந்தச் சராசரியில் நடக்காத மாதிரிதான். அதனால்தான் சொல்கிறேன், வாயால் சொன்னால் நிற்காது, எழுதி வையுங்கள். போன நேரம், வந்த நேரம், என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது, எது வீணானது. மருந்துக்கடை அம்மா சீட்டு ஒட்டுகிறாரே, அது மாதிரி. ஆனால் பேக்கப்பும் வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பேட்டரித்தம்பி:
எழுதும்போது வோல்டேஜையும் சேர்த்து எழுதுங்கள். கரண்ட் வரும்போது மோட்டாருக்கு வரும் மூன்று ஃபேஸில் (மூன்று மின் லைனில்) ஒன்று வராமல், மிச்ச இரண்டில் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிந்துவிடும். அப்படி ஒரு ஃபேஸ் வராவிட்டால் மோட்டாரை நிறுத்திவிடுகிற சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் பேனலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் அண்ணே, பேட்டரியை அப்புறம் பார்க்கலாம்.

கடைசல்காரன்:
பிரிவென்டர் இருக்கிறது தம்பி, ஆனால் யாரோ அது வேலை செய்யாதபடி பைபாஸ் செய்து வைத்திருக்கிறார்கள், இப்போதுதான் பார்த்தேன், நாளைக்கே சரி செய்கிறேன். நோட்டும் எடுத்துவிட்டேன். இன்றைக்கு 10:40க்குப் போய் 10:43க்கு வந்தது, 2:15க்குப் போய் 2:21க்கு வந்தது. முதலில் போனபோது துளை போட்டுக்கொண்டிருந்தேன், நஷ்டம் இல்லை. இரண்டாவது தடவை மரை.