கரிசல் வீட்டுச் சொந்தங்கள்

செந்தில் (காலை 6:48): [படம்] அப்பாவோட நேத்து இசிஜி. வாட்ச் ரெண்டு நாளா ‘சீரற்ற துடிப்பு’ன்னு காட்டிச்சு, அதான் எடுத்தோம். ஏஎஃப்-ன்னு, அதாவது இதயத்தோட மேலறை தாறுமாறா துடிக்கிற நோய்னு, மாத்திரை எழுதிட்டாங்க. அகிலாக்கா, ஹேமா மதினி, ஒரு தடவை பாருங்க. வலது கை நடுக்கம் இருக்கே, அதுல தப்பா விழுந்திருக்குமோ?

ஹேமா (6:55): சரியான சந்தேகம். நடுக்கம் கோட்டைக் குலுக்கி ஏஎஃப் மாதிரியே காட்டும். கை, கால்ல மாட்டுற கிளிப் ரெண்டு ரெண்டா சேர்ந்து தர்ற கோடுதான் இந்த லீட். வலது கை ஆடினா லீட் 1, லீட் 2 ரெண்டும் குலுங்கும். லீட் 3-க்கு வலது கையோட சம்பந்தமே கிடையாது, இடது கையும் இடது காலும்தான். மாமா தாள்ல லீட் 3 சுத்தமா இருக்கு.

ஹேமா (6:57): அந்தச் சுத்தமான கோட்டுலயும் பி அலை, அதாவது மேலறை சுருங்குறதைக் காட்டுற சின்ன மேடு, இல்ல. ஒரு வெள்ளைத்தாள் விளிம்புல அடுத்தடுத்த மூணு ஆர் முனையை, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் வர்ற உயரமான முனையை, பேனாவால குறிச்சு அப்படியே தள்ளிக்கிட்டே போ. எங்கயும் பொருந்தாது. வி1-ல, அதாவது நெஞ்சுல ஒட்டுற முதல் லீட்ல, கோடு நெளியுது. ஏஎஃப்தான்.

செந்தில் (7:02): தாள்ல துடிப்பு நிமிஷத்துக்கு 118-ன்னு இருக்கு. வீட்டு பிபி மெஷின் 84-ங்குது. எது நிஜம்?

ஹேமா (7:05): அடியில இருக்கிற நீளக் கோட்டைப் பாரு. நொடிக்கு 25 மி.மீ, அப்ப 250 மி.மீ-க்கு 10 நொடி. 20 ஆர் இருக்கு, 6-ஆல பெருக்கினா 120. ரெண்டு ஆர் நடுவுல பெரிய பெட்டியை எண்ணி அதால 300-ஐ வகுக்கிற கணக்கு இதுல ஆகாது, ஒவ்வொரு இடைவெளியும் ஒரு தினுசு.

அகிலா (7:11): ரெண்டு துடிப்பு நெருங்கி வந்தா பின்னதுக்கு ரத்தம் நிரம்ப நேரமில்ல. இதயம் சுருங்கும், ஆனா மணிக்கட்டு வரைக்கும் அலை எட்டாது. அதான் மெஷின் குறைச்சுக் காட்டுது. ஸ்டெத்தை நெஞ்சுல வச்சு 60 நொடி முழுசா எண்ணு, 15 நொடி எண்ணி நாலால பெருக்கிற வேலை வேணாம். பிபியும் 3 தடவை எடுத்து சராசரி போடு.

ராமசாமி (7:20): எனக்குப் படபடப்பும் இல்ல, மூச்சும் வாங்கல. துடிப்பைக் குறைக்கிற மெட்டோப்ரோலால் போட்டதுல நாடியும் அடங்கிட்டு. அப்புறம் எதுக்கு அந்த அபிக்ஸபான்?

அகிலா (7:26): சித்தப்பா, அது துடிப்புக்குப் போடுற மாத்திரையே இல்ல, ரத்தம் உறையாம இருக்கப் போடுறது. மேலறை ஒழுங்கா சுருங்காம வெடவெடக்குது. இடது மேலறையில கட்டைவிரல் அளவுக்கு ஒரு பை தொங்குது, ரத்தம் அதுல தேங்கி உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனா பக்கவாதம். உங்களுக்குப் படபடப்பு இருக்கா இல்லையான்னு அது பார்க்காது. பக்கவாத அபாயத்துக்கு ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கு: வயசு 71-க்கு 1, பிபிக்கு 1, சுகருக்கு 1. ஆக 3. ரெண்டு வந்தாலே மாத்திரை. நாளைக்குத் துடிப்பு சீரானாலும் இந்த மூணும் எங்கயும் போகாது.

ராமசாமி (7:31): எதுத்த வீட்டுக்காரர் அபிக்ஸபான் 2.5 மி.கி தானே போடுறார். நானும் ஒல்லிதான். 5 எதுக்கு?

முரளி (7:38): அத்தான், அதுக்கு மூணு அளவுகோல். வயசு 80 அல்லது மேல, எடை 60 கிலோ அல்லது கீழ, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை) 1.5 அல்லது மேல. இதுல ரெண்டு இருந்தாத்தான் 2.5. அவருக்கு 83 வயசு, 55 கிலோ. நீங்க 58 கிலோ, கிரியாட்டினின் 1.1. ஒண்ணுதான் சேருது. 5 மி.கி, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒல்லியா இருக்கோம்னு நாமளா பாதியாக்கினா செலவும் ஆகும், காவலும் இருக்காது.

சித்ரா (7:44): முரளி, அவர் ரொம்ப வருஷமா ஆஸ்பிரின் 75 போடுறாரே. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் வேற.

முரளி (7:46): டைக்ளோஃபெனாக்கை இன்னைக்கே நிறுத்துக்கா. அதுவும் அபிக்ஸபானும் சேர்ந்தா வயித்துல ரத்தம் கசியும். வலிச்சா பாராசிட்டமால்.

அகிலா (7:49): ஆஸ்பிரின் ஏஎஃப் பக்கவாதத்தைத் தடுக்காது, அபிக்ஸபானோட சேர்ந்தா ரத்தக்கசிவுதான் கூடும். ஸ்டென்ட், ஹார்ட் அட்டாக் எதுவும் இல்லாதவங்களுக்குப் பொதுவா எடுத்திருவாங்க. நேத்து சீட்டுல விட்டுப்போச்சான்னு செந்தில் இன்னைக்கே போன் பண்ணிக் கேளு.

சித்ரா (7:52): கீரை? பூண்டு?

முரளி (7:55): கீரைக்கட்டுப்பாடு வார்ஃபரின், அசிட்ரோம்னு பழைய வகை உறைவுத்தடுப்பு மாத்திரை போடுறவங்களுக்கு. அவங்களும் விடணும்னு இல்ல, வாராவாரம் ஒரே அளவா சாப்பிடணும். அபிக்ஸபானுக்கு முருங்கைக்கீரை தாராளம். குழம்புப் பூண்டும் சரி. பூண்டு கேப்சூல் கூடாது.

செந்தில் (8:03): நெஞ்சுல கரண்ட் ஷாக் குடுத்தா உடனே சரியாகும்னு ஆபீஸ்ல சொன்னாங்களே?

அகிலா (8:10): எப்ப ஆரம்பிச்சதுன்னே தெரியாதப்போ இன்னைக்கு ஷாக் குடுத்தா, பையில கட்டி இருந்து அதுவும் சேர்ந்து கிளம்பலாம். ஒரு வேளைகூட விடாம 3 வாரம் அபிக்ஸபான் போட்டிருக்கணும். இல்லன்னா உணவுக்குழாய் வழியா எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துப் பை காலியான்னு பார்க்கணும். ஷாக்குக்கு அப்புறமும் குறைஞ்சது 4 வாரம் மாத்திரை, ஏன்னா துடிப்பு திரும்பினாலும் மேலறை மலைச்சுப்போய்க் கொஞ்ச நாள் சரியா சுருங்காது. சித்தப்பா கணக்கு 3, அதனால அவருக்கு 4 வாரத்தோட முடியாது.

அகிலா (8:14): முதல்ல எக்கோ, டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), பொட்டாசியம், ஹீமோகுளோபின். தைராய்டு கூடினாலும் இப்படி வரும். எக்கோல இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்கிற மைட்ரல் வால்வுதான் முக்கியம். சின்ன வயசு ருமாட்டிக் காய்ச்சலால அது நல்லா சுருங்கியிருந்தா அபிக்ஸபான் இல்ல, வார்ஃபரின் வகைதான், ரத்தம் உறையுற வேகத்தைக் காட்டுற ஐஎன்ஆர் 2-லிருந்து 3-க்குள்ள இருக்கணும். 2022-ல வந்த இன்விக்டஸ் ஆய்வு இந்த மாதிரி நோயாளிகள்கிட்ட அபிக்ஸபான் வகையைச் சேர்ந்த ரிவரோக்ஸபானை வச்சுப் பார்த்துச்சு, பழைய மருந்துதான் ஜெயிச்சது. அதுக்காக எக்கோ வர்ற வரைக்கும் மாத்திரையை நிறுத்திடாதீங்க.

செந்தில் (8:20): காலை வேளை மறந்துட்டா?

முரளி (8:22): 8 மணி மாத்திரைன்னா மதியம் 2 வரைக்கும் போடலாம். தாண்டினா விட்டுட்டு ராத்திரி வழக்கம்போல ஒண்ணு. ரெண்டாச் சேர்த்துப் போடாதீங்க. பல் பிடுங்கப் போனாலும் நீங்களா நிறுத்த வேணாம்.

அகிலா (8:25): வாய் கோணினா, கை தளர்ந்தா, பேச்சு குழறினா 108. கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார்னு சொல்லணும், கட்டி கரைக்கிற ஊசி போடலாமான்னு அதை வச்சும்தான் முடிவெடுப்பாங்க. மலம் கருப்பாப் போனாலோ தலையில அடிபட்டாலோ, காயம் தெரியலைன்னாலும் ஆஸ்பத்திரி. நாடி 50-க்குக் கீழ போய்த் தலை சுத்தினா மெட்டோப்ரோலால் அளவைக் கேக்கணும்.

சித்ரா (8:31): எக்கோவுக்கு வெறும் வயிறா?

ஹேமா (8:33): வேணாம் அத்தை, சாப்பிட்டே வரட்டும். முன்பக்கம் பட்டன் வச்ச சட்டை போட்டு அனுப்புங்க. அன்னைக்கு மறுபடி இசிஜி எடுத்தா, வலது கை நடுக்கத்தை முன்னாடியே சொல்லிருங்க. கிளிப்பை மணிக்கட்டுல போடாம மேல்கையில போடுவாங்க. இடம் மாத்தினதைத் தாள்லயே எழுதச் சொல்லணும், பழைய தாளோட ஒப்பிடும்போது கோடு கொஞ்சம் மாறித் தெரியும்.

ராமசாமி (8:36): 8 மணி மாத்திரை இப்பத்தான் போட்டேன்.

முரளி (8:37): 😀 2 மணிக்குள்ளதான் அத்தான், பரவால்ல.